கிரிப்பா, தூளியா, பக்கத்துலயே போட்டுக்கறதா? திடீர்னு கிரிப் வேண்டாம்னு அழற குழந்தைக்கு எது சரிப்படும்

கிரிப்ல, அதாவது சுத்திக் கம்பி போட்ட குழந்தைப் படுக்கையில, நல்லா தூங்கிட்டு இருந்த குழந்தை எட்டு மாசம் ஆனதும் முதுகு மெத்தையில பட்டாலே வீல்னு கத்தி எழுந்து கம்பியப் பிடிச்சுட்டு நிக்குது, இனி என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிற வீடுகளுக்குத்தான் இது. அந்த நேரத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. அம்மா தூளி கட்டுன்னு சொல்வாங்க, மாமியார் பக்கத்துலயே போட்டுக்கோன்னு சொல்வாங்க, வெளிநாட்டுல இருக்கற அக்கா கொஞ்ச நாள் அழ விடு, தானா பழகிடும்னு சொல்வா. எங்க வீட்டுலயும் இது எல்லாமே பேச்சுல வந்துச்சு, அழ விடறதத் தவிர மத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பண்ணியும் பார்த்தோம், கடைசியில கிரிப்ப விடறதில்ல, ஆனா பக்கத்துலயே தரையில பாய் போட்டு நாங்க உக்காந்து பழக்கறதுன்னு முடிவு பண்ணோம். என் ஓட்டு அதுக்குத்தான், அதனால கீழ அதுக்குத்தான் இடம் ஜாஸ்தி இருக்கும். எங்களது சென்னையில ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, பகல்ல பாப்பாவ என் அம்மா பாத்துக்கறாங்க. இத ஏன் சொல்றேன்னா, வீடும் ஆளும் மாறினா பதிலும் மாறும்.

எதை மாத்தறதுக்கும் முன்னாடி உடம்புக்கு ஏதாவதான்னு பாருங்க. காதுல இன்ஃபெக்ஷன் இருந்தா படுக்க வச்சா வலி கூடும், நிமிர்த்தித் தோள்ல போட்டா குறையும், அப்போ குழந்தை கிரிப் வேண்டாம்னு அழல, வலியில அழுது. மூக்கடைப்பும் அப்படித்தான். 9 மாசத்துல போடற தட்டம்மை ஊசிக்கு உடனே ஒண்ணும் வராது, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு லேசா காய்ச்சல் வரலாம், அது அந்த ஊசியாலதான்னே நிறைய பேருக்குத் தோணாது. காதப் பிடிச்சு இழுக்குது, பால் சரியா குடிக்கல, காய்ச்சல் இருக்குன்னா முதல்ல டாக்டர். இன்னொண்ணு, தூங்கலயேன்னு யாராவது சளி மருந்த ஒரு ஸ்பூன் கொடுன்னு சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, தூக்கம் வர்ற மருந்த இந்த வயசுக் குழந்தைக்கு நம்மளா கொடுக்கவே கூடாது.

உடம்புக்கு ஒண்ணுமில்லன்னா பெரும்பாலும் ரெண்டு காரணம்தான். ஒண்ணு, பிரிவு பயம். அஞ்சாறு மாசம் வரைக்கும் அம்மா கண்ணுல படலன்னா குழந்தைக்கு அது பெரிய விஷயம் இல்ல. ஆறு ஏழு மாசத்துக்கு மேல, கண்ணுக்குத் தெரியலன்னாலும் அம்மா எங்கயோ இருக்காங்கன்னு புரிய ஆரம்பிக்குது, ஆனா எப்போ திரும்பி வருவாங்கன்னு புரியாது. அதனால நம்ம கை விட்ட உடனே அழுகை. இது குழந்தை வளருதுங்கறதுக்கான அறிகுறி, கெட்ட பழக்கம் இல்ல, இத முதல்ல வீட்டுப் பெரியவங்களுக்குச் சொல்லிப் புரிய வைங்க. ரெண்டாவது, நிக்கறது. எட்டு ஒன்பது மாசத்துல எழுந்து நிக்கக் கத்துக்கும், திரும்ப உக்காரத் தெரியாது. எங்க பாப்பா ராத்திரி கம்பி மேல் சட்டத்தப் பிடிச்சுட்டு முட்டி ரெண்டும் விறைச்சு நிப்பா, கண்ணு சொருகும், தலை சட்டத்துல போய் முட்டும், ஆனா உக்கார மாட்டா, அந்தச் சட்டத்துல பெயின்ட் முழுக்கப் பல்லுத்தடம். அவளுக்கு வேண்டியது தூளியும் இல்ல பெட்டும் இல்ல, உக்கார்றது எப்படின்னு தெரியணும். பகல்ல சோபாவப் பிடிச்சு நிக்க வச்சுட்டு பொம்மையத் தரையில வச்சு, முட்டிக்குப் பின்னாடி லேசாத் தட்டி, குனிஞ்சு எடுக்க வைக்கறத ஒரு விளையாட்டாவே பண்ணோம். அது வந்த அப்புறம் பாதிப் பிரச்சனை போயிடுச்சு. நிக்கற குழந்தைக்கு கிரிப் மெத்தைய அடி மட்டத்துக்கு இறக்கிடணும், அதையும் இப்பவே பண்ணிடுங்க.

சரி, இப்போ ஒவ்வொண்ணா பாக்கலாம்.

தூளி. இதுல இருக்கற நல்லத மறுக்க முடியாது. பழைய காட்டன் புடவை, ஒரு கொக்கி, ஒரு தொட்டில் கட்டை, செலவுன்னு ஒண்ணுமே இல்ல. குழந்தைய அப்படியே சுத்திப் பிடிச்சுக்கும், அம்மா வாசனை இருக்கும், ஆட்டம் இருக்கும், ரெண்டு நிமிஷம் ஆராரோ பாடினா கண்ணு மூடிடும். "நீயும் உங்க அண்ணனும் தூளிலதான்டி வளந்தீங்க, உங்களுக்கு என்ன ஆயிடுச்சு"ன்னு அம்மா கேட்டாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா நிஜமாவே நாங்க நல்லாத்தான் தூங்கியிருக்கோம். பாப்பாவுக்கு மூணு நாலு மாசம் இருக்கும்போது பகல் தூக்கத்துக்குத் தூளி கட்டினோம், அம்மாவே பக்கத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சுட்டே ஆட்டுவாங்க, அந்த மாசங்கள்ல அது பெரிய உதவிதான்.

ஆனா எட்டு மாசக் குழந்தைக்கு ராத்திரி முழுக்கத் தூளிங்கறது வேற கதை. துணி குழிஞ்சு தொங்கறதால குழந்தை வளைஞ்சுதான் படுக்கும், தாடை நெஞ்சுல போய் ஒட்டிச்சுன்னா மூச்சுக்குழாய் அமுங்கலாம், ரொம்பச் சின்னக் குழந்தைக்கு அது ஆபத்து. பெரிய குழந்தைக்கு ஆபத்து வேற மாதிரி, புரண்டு முகம் துணிக்குள்ள புதையும், இல்லன்னா எழுந்து நிக்கப் பாத்து தலைகீழா விழும். கொஞ்சம் பெரிய பசங்க தூளிக்குள்ள விளையாடி கழுத்துல புடவை முறுக்கி உயிர் போன செய்தி நம்ம ஊருப் பேப்பர்லயே வருது. குழந்தை டாக்டர்கள் ஏன் தட்டையா, கெட்டியா இருக்கற இடத்துல மல்லாக்கப் படுக்க வைங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்கன்னா காரணம் இதுதான். அமெரிக்காவுல 1994ல குழந்தைய மல்லாக்கப் படுக்க வைங்கன்னு நாடு முழுக்கப் பிரச்சாரம் பண்ணாங்க, அதுக்கப்புறம் தூக்கத்துல குழந்தை திடீர்னு இறந்துபோறது அங்க பாதியாக் குறைஞ்சுது. சாய்வான படுக்கையில தூங்க வைக்கறத அங்க 2022ல சட்டம் போட்டே தடுத்துட்டாங்க, 10 டிகிரிக்கு மேல சாயற குழந்தைப் படுக்கைய விக்கவே கூடாது. அதனால தூளி பகல்ல, ஆள் பக்கத்துல முழிச்சிருக்கும்போது மட்டும்னா எனக்கு ஓகே. ராத்திரி எல்லாரும் தூங்கற நேரத்துக்கு ஓகே இல்ல. ஸ்பிரிங் தொட்டில், தானா ஆடற மோட்டார் தொட்டில் எல்லாத்துக்கும் இதேதான்.

அடுத்து பக்கத்துல படுக்க வச்சுக்கறது. நம்ம ஊர்ல பாதிக்கு மேல வீட்டுல இதுதான் நடக்குது, ஒரே ரூம்ல நாலு பேர் படுக்கற வீட்டுல கிரிப்புக்கு இடம் எங்க இருக்கு. தாய்ப்பால் கொடுக்கறவங்களுக்கு இத மாதிரி வசதி எதுவும் இல்ல, எழுந்திரிக்கவே வேண்டாம். அழுகையும் குறைவு. ஆனா குழந்தை டாக்டர்கள் சங்கங்கள் ஒரே ரூம்ல இருங்க, ஒரே படுக்கை வேண்டாம்னுதான் சொல்றாங்க, அதுலயும் நாலு மாசத்துக்குக் குறைவான குழந்தை, குறைமாசக் குழந்தை, வீட்டுல சிகரெட் பிடிக்கறவங்க, குடிச்சிருக்கறவங்க, தூக்க மாத்திரை போட்டவங்க இருந்தா கண்டிப்பா கூடாது. சோபாவுல குழந்தையோட தூங்கிப் போறது எல்லாத்தையும் விட மோசம், பால் கொடுத்துட்டே சோபாவுல கண்ணசர்றவங்க இதக் கட்டாயம் ஞாபகத்துல வச்சுக்கணும்.

இதுல கட்டிலுக்கும் தரைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. தவழற குழந்தையக் கட்டில்ல சுத்தித் தலையணை அடுக்கிப் படுக்க வைக்கறது பாதுகாப்பே இல்ல, அது தலையணைய ஏறித் தாண்டி விழும், இல்ல தலையணைக்குள்ள முகம் புதைக்கும், செவத்துக்கும் மெத்தைக்கும் நடுவுல சந்து இருந்தா அதுல மாட்டிக்கும். கூடவேதான் படுக்கணும்னா தரையில கெட்டியான மெத்தை போடுங்க, இலவம்பஞ்சு மெத்தையா இருந்தா அமுக்கிப் பாருங்க, குழிஞ்சா வேண்டாம். குழந்தைய ஓரத்துல, அம்மா பக்கம் மட்டும், அப்பா அம்மா நடுவுல இல்ல. பெரியவங்க போர்வை, தலையணை அது பக்கம் வரவே கூடாது. அந்தக் கடுகுத் தலையணையும் வேண்டாம். தலை உருண்டையா வரணும்னு ஆசையா வாங்கிக் கொடுப்பாங்க, அத்தையும் வாங்கிக் கொடுத்தாங்க, பகல்ல குழந்தை முழிச்சு விளையாடும்போது குப்புறப் போட்டாலே தலை சரியா வரும்னு டாக்டர் அவங்க எதிர்லயே சொன்னதுக்கு அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க.

எங்களுக்கு இது ஏன் சரி வரலன்னா, பாப்பா தூக்கத்துல உருளுவா, கால் எப்பவும் யார் முகத்து மேலயாவது இருக்கும், அவளும் எங்க அசைவுக்கு முழிச்சுக்கறா, நாங்களும் அவ அசைவுக்கு முழிச்சுக்கறோம். காலையில ஆபீஸ் போகணும். கூடப் படுத்தா நிம்மதியா தூங்கற குழந்தைகளும் இருக்காங்க, என் நாத்தனார் பையன் அப்படித்தான், அவங்க வீட்டுல அவன் மூணு வயசு வரைக்கும் அம்மா பக்கத்துலதான், யாருக்கும் ஒரு குறையும் இல்ல. அப்படி இருந்தா மாத்தணும்னு அவசியமே இல்ல.

அழ விட்டுப் பழக்கறது. கதவச் சாத்திட்டு வந்துட்டு, மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு இடைவெளி விட்டுப் போய் பாத்துட்டு வர்ற முறை, 1980கள்ல பாஸ்டன்ல ஒரு குழந்தை டாக்டர் சொன்னது, பெர்பர் முறைன்னு சொல்வாங்க. இத நான் பண்ணல, அதனால இதப் பத்திக் கொஞ்சம்தான் சொல்ல முடியும். பண்ணா குழந்தை மனசு பாதிக்கும்னு நம்ம பக்கம் சொல்றதுக்கு ஆதாரம் பெருசா இல்ல. ஆஸ்திரேலியாவுல இந்த மாதிரி தூக்கப் பயிற்சி கொடுத்த குழந்தைகள ஆறு வயசுல திரும்பப் பாத்தாங்க, 2012ல வந்த ஆய்வு, கெடுதலும் இல்ல, அந்த வயசுல பெரிய லாபமும் இல்லன்னு வந்துச்சு. 2016ல இன்னொரு சின்ன ஆய்வு, 43 குழந்தைங்க, அதுலயும் எச்சில்ல மன அழுத்த ஹார்மோன் கூடல, அம்மாவோட ஒட்டுதல்ல குறையும் இல்ல. அதனால பண்றவங்கள நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்ம வீட்டுல இது நடக்கறது கஷ்டம். தனி ரூம் வேணும், வீட்டுல இருக்கற எல்லாரும் ஒத்துக்கணும். நாம வெளிய உக்காந்து மனசக் கல்லாக்கிட்டு இருக்கும்போது தாத்தா ஓடிப் போய் தூக்கிட்டா, நிறைய அழுதா யாராவது வருவாங்கன்னுதான் குழந்தை கத்துக்கும், அது ரெண்டுங்கெட்டான். பிரிவு பயம் உச்சத்துல இருக்கற நேரத்துலயே அம்மா போயிட்டாங்கன்னு காட்டறது எனக்கு மனசு ஒப்பல, அவ்வளவுதான் என் காரணம்.

இப்போ கிரிப். அமெரிக்க பாணி, நம்ம ஊருக்கு ஒத்து வராது, காசு தண்டம்னெல்லாம் சொல்வாங்க. விலை, இடம், அழகு, பின்னாடி விக்க முடியுமா, இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாத் தெரியல. நான் முடிவு பண்ணது ஒரே ஒரு கேள்விய வச்சுத்தான். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை முழிக்கும்போது அது திரும்பத் தூங்க யார் என்ன பண்ணணும்?

இத ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, குழந்தைய எட்டு மணிக்குத் தூங்க வைக்கறது சுலபம், எல்லா வழியிலயும் ஏதோ ஒரு விதத்துல தூங்கிடும். ஆனா கைக்குழந்தையோட தூக்கம் ஒரு சுத்து சுமார் 50 நிமிஷம் ஒரு மணி நேரம்தான், ஒவ்வொரு சுத்து முடியும்போதும் லேசா முழிச்சு, எல்லாம் தூங்கினப்போ இருந்த மாதிரியே இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டுத் திரும்பத் தூங்கும். பெரியவங்களும் இப்படித்தான் முழிக்கறோம், நமக்கு ஞாபகம் இருக்காது. தூங்கினப்போ அம்மா தோள்ல இருந்துச்சு, முழிச்சப்போ கிரிப்ல தனியா இருக்குன்னா, நாம ஹால்ல தூங்கி முழிச்சுப் பாத்தா மொட்டை மாடியில இருந்தா எப்படிக் கத்துவோமோ அப்படித்தான் அது கத்துது. ஆக, எது கூடத் தூங்கிச்சோ அதேதான் திரும்பவும் வேணும். ஆட்டினா தூங்கற குழந்தைக்கு ரெண்டு மணிக்கும் ஆட்டணும், நாலு மணிக்கும் ஆட்டணும். தோள்ல தூங்கினா ரெண்டு மணிக்கும் தோள்தான். பால் குடிச்சுட்டே தூங்கினா பசியே இல்லன்னாலும் பால்தான்.

இப்போ இந்தக் கணக்க ஒவ்வொரு வழிக்கும் போட்டுப் பாருங்க. தூளின்னா எழுந்து உக்காந்து ஒரு கை கயிறப் பிடிச்சு ஆட்டணும், ஆட்டறவங்க கண்ணசந்து கை நின்னா குழந்தை முழிச்சுக்கும். எங்க அம்மா காலத்துல வீட்டுல அத்தை, சித்தி, பாட்டின்னு ஆள் இருந்தாங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஆட்டினாங்க. எங்க வீட்டுல ராத்திரி ஆட்ட ரெண்டே பேர். அறுபது வயசு அம்மாவ ராத்திரியும் எழுப்ப முடியாது, பகல் முழுக்க அவங்கதான் தூக்கிட்டு அலையறாங்க, முட்டி வலி வேற. பக்கத்துல படுக்க வச்சா திரும்பத் தூங்க வைக்கறது சுலபம், தட்டினா போதும், ஆனா நான் அங்கயே இருக்கணும், எட்டரை மணிக்குக் குழந்தை தூங்கும்போது நானும் படுக்கணும், எழுந்து வந்தா அரை மணியில தேடும். அதுக்கு முடிவு எப்போன்னு தெரியாது. கிரிப்ல தானாத் தூங்கப் பழகின குழந்தைக்கு ரெண்டு மணிக்கு யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம், முனகிட்டு புரண்டு படுத்துக்கும். ஆரம்பத்துல கஷ்டம் ஜாஸ்தி, அப்புறம் குறைஞ்சுட்டே போகும். மத்த ரெண்டும் ஆரம்பத்துல சுலபம், அப்புறம் குழந்தை எடை கூடக் கூடக் கஷ்டம் கூடும். வேலைக்குப் போற வீட்டுக்கு இதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குதுன்னு நான் நினைக்கறேன்.

எப்படிப் பழக்கினோம்னு சொல்றேன். முதல்ல ஒரே வரிசை, தினமும். வெந்நீர்ல துடைச்சு, காட்டன் டிரஸ் மாத்தி, பால், அப்புறம் வாய துடைச்சுட்டு சின்ன லைட்ல ஒரே ஒரு பாட்டு, கிரிப். பால முன்னாடி தள்ளினதுதான் இதுல முக்கியம், பால் குடிச்சுட்டே கண்ணு சொருகறது நிக்கணும்னா பாலுக்கும் படுக்கைக்கும் நடுவுல ரெண்டு வேலை இருக்கணும். கண்ணக் கசக்க ஆரம்பிச்ச உடனே படுக்க வச்சுடணும், அத விட்டு அரை மணி தாண்டிட்டா ஒரு வேகம் வந்துடும், அப்புறம் யாராலயும் முடியாது. தூங்கி விழுந்ததும் போடாம, சொக்கிட்டு இருக்கும்போதே, முழிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது போடணும்.

போட்ட உடனே அழுவா. நாங்க ரூமை விட்டுப் போகல. கிரிப்ப ஒட்டிப் பாய் போட்டு உக்காந்து, கம்பி வழியாக் கைய விட்டு நெஞ்சு மேல வச்சுக்கிட்டோம். எழுந்து நின்னா படுக்க வைப்போம், திரும்ப நிப்பா, திரும்பப் படுக்க வைப்போம், பேச்சு ரொம்ப இல்ல, "தூங்குடா தங்கம், அம்மா இங்கதான் இருக்கேன்" மட்டும். மூச்சு முட்ட அழுதா தூக்கிடுவோம், அமைதியானதும் திரும்பப் போடுவோம், தூங்கற வரைக்கும் தோள்ல வச்சுக்க மாட்டோம். முதல் ராத்திரிகள் நிஜமாவே கஷ்டம்தான், எனக்கு முதுகு விட்டுப் போச்சு, பாதியில ஹஸ்பண்ட் வந்து மாத்திக்கிட்டார். அவர் உக்காந்தப்போ அவ சீக்கிரம் அடங்கினா, என்கிட்ட பால் வாசனை வருதுங்கறதுனாலயோ என்னவோ. பால் கொடுக்காத ஆள் உக்கார்றது நல்லதுன்னு அப்புறம் எங்க டாக்டரும் சொன்னாங்க. கொஞ்சம் பழகினதும் நெஞ்சு மேல இருந்த கைய எடுத்து கம்பி மேல வச்சோம், அப்புறம் கையே இல்லாம சும்மா உக்காந்தோம், அப்புறம் பாய கட்டில் பக்கம் நகர்த்தினோம், அப்புறம் கதவுகிட்ட. ஒவ்வொரு இடத்துலயும் அழுகை நின்னதுக்கு அப்புறம்தான் அடுத்தது. நடுவுல சளி பிடிச்சு எல்லாம் பின்னாடி போச்சு, திரும்பவும் கிரிப்ப ஒட்டி வந்து உக்காந்தோம், ரெண்டாவது தடவ சீக்கிரமே நகர முடிஞ்சுது.

ராத்திரி நடுவுல முழிச்சாலும் இதேதான், அங்க வேற வழிக்குப் போனா பழக்கம் குழம்பிடும். பசிக்கான முழிப்பு தனி. ஒன்பது மாசத்துலயும் ராத்திரி ஒரு தடவ பால் தேவைப்படற குழந்தைங்க நிறைய, அத நிறுத்தணும்னு இல்ல, பால் கொடுத்துட்டு முழிப்போட கிரிப்ல போட்டா போதும்.

இன்னும் சின்னக் குழந்தைன்னா, நாலு அஞ்சு மாசம்னா, இவ்வளவு வேண்டாம். ஜப்பான்ல ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2022ல ஒண்ணு வெளியிட்டாங்க, அழற குழந்தையத் தூக்கிட்டு நிக்காம 5 நிமிஷம் நடக்கணும், தூங்கினதும் உடனே போடாம 5லருந்து 8 நிமிஷம் மடியிலயே வச்சு உக்காந்துட்டு அப்புறம் போட்டா முழிக்கறது குறையுதாம். ஏன்னா குழந்தை முழிக்கறது முதுகு மெத்தையில படும்போது இல்ல, நம்ம உடம்புலேருந்து பிரியற நொடியிலயே இதயத் துடிப்பு மாறுதுன்னு பாத்திருக்காங்க. பகல் தூக்கத்துக்கு அம்மா இன்னிக்கும் இததான் பண்றாங்க, நடை, அப்புறம் மடி, அப்புறம் கிரிப். பகல்ல ஒரு வழி ராத்திரி ஒரு வழின்னு இருந்தா குழம்பாதான்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு, எங்க பாப்பா குழம்பல, எல்லாக் குழந்தையும் அப்படித்தான் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது.

கிரிப்போட ஒரு பக்கத்த எடுத்துட்டு நம்ம கட்டிலோட ஒட்டி வைக்கறது இன்னொரு வழி. கேக்க நல்லா இருக்கு, நாங்க பண்ணல. பண்றவங்க அதுக்குன்னே செஞ்சதா பாத்து வாங்குங்க, சாதாரண கிரிப்ப வீட்டுலயே கயிறு போட்டுக் கட்டினா ரெண்டு மெத்தைக்கும் நடுவுல சந்து விழும், அதுல குழந்தை மாட்டிக்கும்.

கிரிப் வாங்கறதுன்னா சொந்தக்காரங்ககிட்ட பழசு வாங்கறது தப்பே இல்ல, ஆனா நாலு விஷயம் பாத்துடுங்க. பக்கச் சட்டம் மேல கீழ இறங்கற மாதிரி இருந்தா வேண்டாம், அந்தச் சட்டம் கழண்டு குழந்தைங்க நசுங்கினதால அமெரிக்காவுல 2011லயே தடை பண்ணிட்டாங்க. கம்பிக்குக் கம்பி 6 செ.மீ.க்கு மேல இடைவெளி கூடாது, கூல்டிரிங் டின் நுழைஞ்சா அது அகலம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போச்சுன்னா மெத்தை சின்னது. சுத்தி மெத்து மெத்துன்னு கட்டற பஞ்சுத் திரை அழகா இருந்தாலும் கழட்டிடுங்க. உள்ள பொம்மை, தலையணை, போர்வை எதுவும் வேண்டாம், ஒரு வயசு வரைக்கும் விரிப்பும் குழந்தையும் மட்டும்தான். கொசுவலைய கிரிப்புக்குள்ள சொருகாம, மேல கூரைலேருந்து விட்டு வெளிப்பக்கமா இறக்கினா அவ கைக்கு எட்டாது. குடை மாதிரி விரியற கொசுவலை மெத்தை எல்லார் வீட்டுலயும் இருக்கும், அது புரளத் தெரியாத வரைக்கும்தான், எட்டு மாசக் குழந்தை அதத் தூக்கிட்டே தவழும், முகம் வலையில அமுங்கும்.

ஊருக்குப் போறப்போ என்ன பண்றதுன்னு கேப்பீங்க. திருநெல்வேலியில மாமியார் வீட்டுல கிரிப் கிடையாது, அங்க கூடத்துல தரையில கெட்டி மெத்தை போட்டு, அதே பாட்டு, அதே விரிப்பத் துவைக்காம எடுத்துட்டுப் போய்ப் போட்டு, பக்கத்துல நான் வேற பாய்ல படுத்துப்பேன். வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நாள் அடம் இருக்கும், பாய கிரிப்ப ஒட்டிப் போட்டுத் திரும்ப ஆரம்பிப்போம், போகப் போகச் சீக்கிரம் பழகிடறா. ஊர்ல அத்தை தூளி கட்டுவாங்க, பகல்ல அவங்க பக்கத்துல உக்காந்து ஆட்டறவரைக்கும் நான் ஒண்ணும் சொல்றதில்ல, பேத்திய ஆட்டணும்னு அவங்களுக்கும் ஆசை இருக்குமில்ல.

கிரிப்புக்கும் ஒரு கடைசி நாள் இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. குழந்தை 90 செ.மீ. உயரத்தத் தொட்டாலோ, நிக்கும்போது மேல் சட்டம் அதோட மார்பு மட்டத்துக்குக் கீழ போனாலோ, ஒரு தடவயாவது கால மேல தூக்கிப் போட்டு ஏறப் பாத்தாலோ அன்னிக்கே கிரிப்ப நிறுத்திட்டு தரையில மெத்தை போட்டுடணும், வயசு கணக்குப் பாக்க வேண்டாம், ஏறி விழுந்தா தலைதான் முதல்ல கீழ வரும்.